ஐம்பத்திரண்டு விநாடி வேலை

வாசற்படியை மோகன் டேப் வைத்து மூன்றாம் முறையாக அளந்தான். “நேரா தூக்குனா வராது. சாய்ச்சி எட்த்தா வந்துடும்” என்றான்.

கூடத்தின் நடுவில் ஆறடி நீளத்துக்கு ஏதோ கிடந்தது. அதன்மேல் வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. பக்கத்தில் அவன் அம்மா ராஜாமணி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கடைக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இந்திராணி எட்டிப் பார்த்துவிட்டு, படியிலேயே பையைப் போட்டாள்.

“ஐயோ, யாருக்குப்பா இன்னாச்சி?”

“காருக்குக்கா. உள்ள மேல்பக்கம் ஒட்டிகினு இருக்குமே, அந்த ரூஃப் தட்டு. வூட்லயே செஞ்சேன். தூசி படக் கூடாதுன்னு மூடி வெச்சிருக்கேன்.”

இந்திராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மோகனுக்கோ உயிர் தொண்டையில் நின்றது. மணி ஒன்றே கால்.

தங்கை கவிப்பிரியாவுக்கு அன்று காஞ்சிபுரத்தில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து, நாலரை ராகு காலத்துக்கு முன் அவளை அழைத்துக்கொண்டு படப்பைக்குக் கிளம்ப வேண்டும். கார் என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது, பின்னால் டிக்கி வைத்த பழைய வண்டி. தீபாவளிக்கு அதன் ரூஃப் துணி பிய்ந்து, தங்கையின் மாமியார் மஹாலட்சுமி தலையில் முக்காடு மாதிரி விழுந்தது. அந்த அம்மாள் அதை மறக்கவில்லை.

“மாசமா இருக்கிற பொண்ணை அந்தக் கூடாரத்துல அனுப்ப மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். “என் மானமே உன் கையிலதாண்ணா இருக்கு” என்று தங்கை நேற்றுக்கூடப் போனில் அழுதாள்.

ஸ்ரீபெரும்புதூர் சீட் கவர் கடைக்காரர் பத்து நாள் கேட்டார். மோகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரகடத்துக் கார் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக அவன் பார்ப்பதே ரூஃப் தட்டு மாட்டுகிற வேலைதான்.

“தெனம் நானூறு மாட்டுறேன். என் வூட்டு காருக்கு ஒண்ணு மாட்ட மாட்டனா?”

மூன்று நாள் லீவு போட்டான். நைந்துபோன பழைய தட்டைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தான். கூடத்தில் அதை ஒட்டவைத்து அச்சாக்கி, அதன்மேல் ஃபைபர் துணியைப் பரப்பிப் பிசினை நாலு பூச்சு பூசினான். மூன்று நாளும் சோறு அந்த வாடையோடுதான் உள்ளே இறங்கியது.

“தட்டிப் பாருக்கா. ஒரு இஞ்சு வளையாது” என்று இந்திராணியிடம் பெருமையாகத் தட்டிக் காட்டினான்.

மனைவி தென்றலுக்குத்தான் மனசு ஆறவில்லை. “ஏங்க, ஒரு தபா கார்ல வெச்சிப் பாத்துட்டு அப்புறம் துணி ஒட்டியிருக்கலாமில்ல?”

“நானூறு தபா வெச்சிப் பாக்குறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?”

“கோச்சிக்காதீங்க. இந்த வெயில்ல காருக்குள்ள பூந்து வேல செய்யணும். வெந்துடுவீங்களேன்னு பாக்குறேன்.”

“போடி. எங்க கம்பெனி லைன்ல காருக்குள்ள காத்து சும்மா பிச்சிகினு போவும். வேர்க்கவே வேர்க்காது. சொருவு, தூக்கு, எட்டு கிளிப்பு. அம்பத்திரெண்டே செகண்டு. நீ சாதத் தூக்கெல்லாம் எட்த்து வை.”

போன் அடித்தது. தங்கைதான். “அண்ணா, எங்க வர்றீங்க? அத்தை வாசல்லயே நிக்கிறாங்க. டிராவல்ஸ் வண்டி சொல்லட்டுமான்னு கேக்குறாங்க.”

“ஒண்ணும் வேணாம். ஒரகடம் தாண்டிட்டோம்னு சொல்லு!” என்று வெறும் பனியனோடு நின்றபடி சொன்னான் மோகன்.

வேட்டியை உருவினான். வெளிர் சாம்பல் துணியில் ஒரு சுருக்கம் இல்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்த்து, ஒரு கீறல் படாமல் வாசற்படியைத் தாண்டினார்கள். இந்திராணி கை தட்டியே விட்டாள்.

காரின் முன் கதவைத் திறந்து செருகினான். பாதி போய் நின்றது. சீட்டைச் சாய்த்துவிட்டுச் செருகினான், கால்வாசி கூடுதலாகப் போய் நின்றது. பின் கதவில் வைத்தான். டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். குப்புறப் பிடித்தான், செங்குத்தாக நிறுத்தினான், வளைத்துப் பார்த்தான். அவன் சொன்னது சொன்னதுதான், ஒரு இஞ்சு வளையவில்லை.

காரைச் சுற்றி இரண்டு முறை வந்தான். போன் மறுபடி அடித்தது. ராஜாமணி அஞ்சு வகைச் சாதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். மணி ஒன்று ஐம்பது.

மோகன் முகத்து வேர்வையை வழித்தெறிந்தான். இனி யோசிக்க ஒன்றும் இல்லை என்பதுபோல் காரின் முன்னால் போய் நின்றான். பதினோரு வருஷமாக ஷிஃப்ட் முழுக்க நிற்கிற அதே இடம். கைகள் பழக்கத்தில் தாமாகவே தட்டைத் தூக்கி, நேரே முன்னால் நீட்டின.

டங்கென்று எதிலோ இடித்து நின்றது.

“இத்தினி வருசமா அங்க இன்னாடா வேல பாத்த?” என்று கத்தினாள் ராஜாமணி.

மோகன் காரின் முன்கண்ணாடியையே வெறித்துப் பார்த்தான்.

“லைன்ல இந்தக் கண்ணாடிய எனக்கு அப்புறந்தாம்மா மாட்டுவாங்க.”