ஆரஞ்சுச் சுளை

முதியோர் இல்லத்தின் பதிவுகளைத் தணிக்கை செய்ய வந்த ஹெலனுக்கு, சவரிமுத்து ஓர் ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் நீக்கிச் சுளையை நீட்டினார். பதிவில் அவர் பெயருக்கு நேரே, 'கை விளங்காது, ஊட்டிவிட வேண்டும்' என்றிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு இல்லம் பெறும் உதவித்தொகை இரட்டிப்பு.

"பதிவும் ஆளும் ஒத்துப்போகலையே சார்," என்றாள் மேலாளரிடம், சவரிமுத்துவின் கட்டிலருகிலேயே நின்று. "அடுத்த மாசம் வருவேன். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

"இதுக்கென்ன மேடம், சரிபண்ணிட்டாப் போச்சு," என்று மேலாளர் சிரித்தார்.

அடுத்த மாதம் பதிவில் ஓர் எழுத்தும் மாறியிருக்கவில்லை. ஆயா ஒருத்தி சவரிமுத்துவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஹெலன் தான் வாங்கிவந்த ஆரஞ்சை நீட்டினாள். கழுத்துவரை போர்த்தியிருந்த போர்வைக்குள்ளிருந்து கை எதுவும் வரவில்லை.

"இப்ப ஒத்துப்போகுதா தாயி?" என்று கேட்டார் சவரிமுத்து.