இரண்டு நாள் வாடகை

டக்... டக்... டக்.

இரண்டு சின்ன ஷூக்களை அடியோடு அடி மோதித் தட்டுகிற சத்தம். ஆறு வருஷம் ஆகிவிட்டது. கொல்லங்கோட்டில் தன் வீட்டு வாசலில் யாராவது செருப்பை உதறினால்கூட யோகப்பிரியாவுக்கு அதுதான் கேட்கிறது.

அன்று சனிக்கிழமை. வட்டவடை மலைக்கிராமத்தில் ஜீப்பை விட்டு இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஷூ போடாத பிள்ளைகளை மலைப்பாதை கேட்டில் விடமாட்டார்கள் என்று. அவள் மகன், எட்டு வயது டின்டு, ரப்பர் செருப்போடு நின்றான்.

ரோட்டோரம் பூண்டும் கேரட்டும் விற்கும் சந்தனம் என்ற பெண்ணின் கடையில், ஆணியில் ஒரு ஜோடி ஷூ தொங்கியது. 'பிள்ளைகள் ஷூ வாடகைக்கு' என்று மேலே எழுதியிருந்தது.

"கோயமுத்தூர்லயே பாத்தேனுங்க. இத்தனூண்டு காலுக்கு அந்த வெலை சொல்றாங்க! ஆறு மாசத்துல பத்தாமப் போயிரும். செருப்பே போதும்னு கூட்டியாந்துட்டேன்" என்றாள் யோகப்பிரியா.

"ஒரு நாளைக்கு நூறு ரூவா அக்கா."

"பழசுக்கா? ஏனுங்க, மனசாட்சி வேண்டாமா? நூத்தம்பதுன்னு வெச்சுக்குங்க, ரெண்டு நாளைக்கும் சேத்து எடுத்துக்கறேன்."

மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சிறுமி நிமிர்ந்தாள்.

"நாளைக்குமா?"

சந்தனம் மகளைப் பார்த்தாள். பிறகு ஷூவை ஆணியிலிருந்து எடுத்தாள்.

"சரி, கொண்டு போங்கக்கா."

"அட்டை கடிக்குமா?" என்று கேட்டான் டின்டு.

"சாக்ஸ் மேல உப்புத் தேச்சுக்கோ, ஏறாது" என்றாள் சிறுமி. "லேஸை இறுக்கிக் கட்டணும். இல்லேன்னா இறங்கும்போது விரல் முட்டும்." அவளே குனிந்து கட்டியும் விட்டாள்.

"நூறு மலை ஏறுனவ மாதிரி பேசறா பாரு!" யோகப்பிரியா சிரித்தாள்.

சாயங்காலம் அவர்கள் இறங்கி வந்தபோது சிறுமி கேட் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"மேல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. வெறும் புல்லு" என்றான் டின்டு.

"எம்புட்டு உயரம் இருக்கும் அந்தப் புல்லு?"

"யாரு பாத்தா? போரு."

டின்டு செருப்புக்கு மாறினான். அவள் ஷூவை எடுத்து அடியோடு அடி தட்டினாள். டக், டக். செம்மண் உதிர்ந்தது. லேஸில் ஒட்டியிருந்த புல்விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து உள்ளங்கையில் சேர்த்தாள்.

யோகப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. "ஏங்கண்ணு, கிழிச்சுட்டமான்னு சோதனை போடறியா? நல்லாப் பாத்துக்க."

"இல்லக்கா... நாளைக்கும் கட்டாயம் வேணுமா?"

"ரெண்டு நாளைக்குக் காசு குடுத்திருக்கமில்ல?" ஷூவை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டின்டு எழுந்திருக்கவில்லை. கால் வலியாம். லாட்ஜ் அறையிலேயே டிவி பார்த்துக்கொண்டு கிடந்தான். ஷூ கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஒன்பது மணிக்கு யோகப்பிரியா ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே அந்தச் சிறுமி. இரட்டைப் பின்னல், முதுகில் ஸ்கூல் பை, கையில் தண்ணீர் பாட்டில். பதினொரு மணிக்கும் அங்கேயே நின்றாள்.

"காவலுக்கு அனுப்பிச்சிருக்கறா அவங்கம்மா! நாம தூக்கிட்டு ஓடிருவம்னு பயமா?" திரையை இழுத்து மூடினாள்.

நாலு மணிக்கு ஊர் திரும்பும் வழியில் ஷூவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சிறுமி வாங்கித் தட்டினாள்.

டக்... டக்... டக்.

ஒன்றும் உதிரவில்லை. லேஸைப் புரட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு மேல போகலியா?"

"இல்ல கண்ணு. இவனுக்குக் காலு வலி. ரூம்லயேதான் இருந்தோம்."

அவள் ஷூவை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். முதுகில் இன்னும் அந்தப் பை இருந்தது.

"உங்க புள்ள பலே கெட்டிக்காரிங்க. ஷூவை உட்டுக் கண்ணை எடுக்கல!" என்றாள் யோகப்பிரியா.

"அது மோனிஷாவோட ஷூதான் அக்கா" என்றாள் சந்தனம், பூண்டைப் பார்த்துக்கொண்டே. "டூரிஸ்டா வந்த ஒரு அம்மா இவளுக்குன்னு குடுத்துட்டுப் போனாங்க. சனி, ஞாயிறுலதான் வாடகைக்கு ஆள் வரும். இவளுக்கும் அன்னிக்குத்தான் பள்ளிக்கூடம் லீவு. அந்த வாடகையிலதான் ஸ்கூல் ஜீப்புக்குக் கட்டுறேன். ஷூ மேல போகும், இவ போறதில்ல. இந்த ஞாயித்துக்கிழமை யாரும் கேக்கலேன்னா நீ போட்டுட்டுப் போன்னு சொல்லி வச்சிருந்தேன்."

வாசற்படியில் இருந்த ஒரு பழைய பால்பவுடர் டின்னை யோகப்பிரியா பார்த்தாள். அதில் ஒரு சாண் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது.

"அதுவா? மலை மேல உள்ள புல்லாம். லேஸ்ல வந்த விதையைப் போட்டு வளத்திருக்கா."

யோகப்பிரியா குனிந்து அந்தப் புல்லைத் தொட்டாள். உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "மோனிஷாக் கண்ணு! அடுத்த லீவுக்கு இவனுக்குப் புதுசு வாங்கிட்டே வர்றேன். நீ உன்ற ஷூவைப் போட்டுட்டு எங்ககூட வா. சத்தியமா!"

ஜீப்காரர் ஹார்ன் அடித்தார்.

அடுத்த லீவுக்கு அவர்கள் ஊட்டிக்குப் போனார்கள்.

அந்த ஷூ இன்னும் நாலு வருஷம் மேலே போய் வந்தது. மோனிஷா போகவில்லை. அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் அவள் கால் வளர்ந்துவிட்டது.