உள்ளங்கையில் ஒரு சொட்டு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் மிளகு ரசம்தான். இறக்குவதற்கு முன் என் மனைவி செண்பகம் கரண்டியோடு கூடத்துக்கு வந்து, என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். "உப்பு பாருங்க." நான் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொட்டைக்கூட நக்கிப் பார்த்ததில்லை.

போன மாதக் காய்ச்சலோடு அவள் நாக்கில் ருசி போய்விட்டது. என்னிடம் சொல்லியிருக்கிறாள், அதையும் டி.வி. பார்த்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த அவள் தம்பி ரசத்தை வாயில் வைத்ததும், "அக்கா, உப்பு ரெண்டு தடவை போட்டுட்டியா?" என்றான். செண்பகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இன்றும் மழை. மிளகு வாசனை வந்ததுமே டி.வி.யை அணைத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கரண்டியோடு வந்தவள் என்னைத் தாண்டிப் போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ரெஜினா, கையை நீட்டு. உப்பு பாரு."

"இன்னும் ஒரு சிட்டிகை வேணும்க்கா."

பழக்கத்தில் நானும் கையை வேட்டியில் துடைத்தேன். கை காய்ந்துதான் இருந்தது.