ஐந்தாவது வார்த்தை

பிடிவாதத்துக்கு இங்கிலீஷில் ஐந்து வார்த்தைகள். ஐந்தையும் ஒப்பிக்காமல் தவளை இடத்தைவிட்டு நகரக்கூடாது. கூட்டாளித் தேரை போட்ட சட்டம் அது.

“ஸ்டபர்ன், ஆப்ஸ்டினேட், ரிஜிட், அடமன்ட்…”

தவளை நான்கோடு நின்றது. தேரையின் முதுகுக்குப் பின்னால் புல் விலகி, ஒரு சாரைப்பாம்பின் தலை தெரிந்தது.

“பாம்புடா. குளத்துல குதி.”

“மறந்துட்டா மறந்துட்டேன்னு சொல்லு. பாம்பைக் கூப்பிடாதே.”

“சத்தியமாடா, திரும்பிப் பாரு.”

“அஞ்சாவதைச் சொல்லு, திரும்புறேன்.”

பாம்பு வாயைத் திறந்தது. தவளை குளத்துக்குள் பாய்ந்தது.

அடிச்சேற்றில் பதுங்கிக் கிடந்தபோதுதான் அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது. வெகுநேரம் கழித்து மெல்லத் தலையை நீட்டி, “இன்ஃப்ளெக்ஸிபிள்” என்றது.

சரி என்று சொல்லக் கரையில் ஆள் இல்லை.