வியாழக்கிழமை பதினோரு மணி

“நாம வந்து சேருறதுக்குள்ள ரெண்டு பஸ் போயிருச்சு. இன்னும் ஏறாம நிக்காவன்னா, யாருக்கோ காத்திருக்காவ, கல்பனா!”

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை மறைவில் நின்று கிசுகிசுத்தாள் மெகராஜ் பேகம். முகத்திரைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. எதிரே, இஸ்திரி போட்ட சட்டையில் அவள் கணவர் பீர் முகமது. பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. சும்மா லீவு போடாத மனிதர். இன்று லீவு.

“அண்ணனா அப்படி? நம்ப முடியலையேக்கா,” என்றாள் பக்கத்து வீட்டுக் கல்பனா.

“முந்தாநாள் இந்தக் காதால கேட்டேன்ட்டி. வாசல்ல நின்னு போன்ல பேசுதாவ. ‘பியூலாம்மா, வியாழக்கிழமை பதினோரு மணி. ஸ்ரீவில்லிபுத்தூர்தானே? வீட்ல சொல்லலை. எப்படியும் வந்துருதேன்.’ எப்படி இருக்கு?”

“ரகசியத்தை யாராவது தெருவுக்கே கேக்குற மாதிரி பேசுவாங்களா?”

“தறிச் சத்தத்துல வேலை பாத்துப் பாத்து அவியளுக்குக் குரலே அப்படித்தான்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. பீர் முகமது முன்பக்கம் ஏற, இவர்கள் பின்பக்கம் ஏறினார்கள். இரண்டு படி ஏறியதும் மெகராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“என்னக்கா இப்படி மூச்சு வாங்குது? ஆளும் பாதியா எளைச்சுட்டீங்க. ஒரு டாக்டரைப் பாருங்களேன்.”

“ஆஸ்பத்திரி வாசலை நான் மிதிக்க மாட்டேன். உடம்புச் சூடு. வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கேன், சரியாயிரும். புருஷன் இந்தக் கூத்து அடிச்சா சோறு இறங்குமா?”

சீட்டில் உட்கார்ந்ததும் குற்றப் பத்திரிகை வாசித்தாள்.

“ஒரு மாசமா ஆளே மாறிட்டாவ. நான் பாத்ரூமை விட்டு வெளிய வந்தா, அடுத்த நிமிஷம் அவிய உள்ள போறாவ. எதுக்கு? போன் பேசத்தான். கொடியில காயுற என் துணியெல்லாம் எடுத்து மடிக்காவ. பேரீச்சம்பழம் வாங்கிட்டு வந்து தின்னு தின்னுன்னு உசுரை வாங்குதாவ. தப்புப் பண்ற ஆம்பளைக்குத்தான் பொண்டாட்டி மேல திடீர்னு பாசம் பொங்கும்.”

“எங்க வீட்டுக்காரரு ஒரு துண்டை மடிச்சு வச்சாக்கூட நான் ஊருக்கே சொல்லுவேன்,” என்று சிரித்தாள் கல்பனா.

“நீ வெகுளி.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, பத்தடி பின்னால் நடந்தார்கள். பீர் முகமது ஆமை மாதிரி போனார். செருப்பைச் சரிசெய்வதற்கென்று இரண்டு இடத்தில் நின்றார். கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்.

“நர்ஸா!” மெகராஜ் பல்லைக் கடித்தாள். மிதிக்க மாட்டேன் என்ற வாசலை இரண்டே எட்டில் தாண்டினாள்.

உள்ளே, பியூலா என்று சட்டையில் பெயர் குத்திய நர்ஸிடம் குனிந்து ஏதோ சொன்னார் பீர் முகமது. அவள் வாசலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இவரும் சிரித்தார்.

அது போதாதா? முகத்திரையைத் தூக்கி எறிந்தாள் மெகராஜ்.

“முப்பது வருஷம் உங்களுக்குப் பொங்கிப் போட்டவ நான்! யாருங்க இவ?”

ஹாலே திரும்பியது. பீர் முகமது திடுக்கிடவில்லை. காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

“வந்துட்டியா? உக்காரு. மூச்சு வாங்குது பாரு.”

பியூலா கையிலிருந்த சீட்டைப் பார்த்து, பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டாள். “டோக்கன் ஏழு. மெகராஜ் பேகம், வயசு ஐம்பத்திரண்டு. ஒரு மாசமா மலத்துல ரத்தம், எடை குறையுது, படியேறினா மூச்சு வாங்குது. நீங்கதானம்மா?”

மெகராஜ் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பாவாடையை மூன்று தடவை சோப்புப் போட்டு அலசி, ஒருவருக்கும் தெரியாமல் மறைத்த சங்கதி.

“அது... சூட்டுல வர்ற மூலமா இருக்கும்...”

“மூலமாவும் இருக்கலாம். அதை டாக்டர் பாத்துத்தான் சொல்லணும், நாமளா முடிவு பண்ணக் கூடாது. இந்த வயசுல ரத்தமும் போயி ஆளும் எளைச்சா, தள்ளிப் போடவே கூடாதும்மா.”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” கணவரைப் பார்த்தாள்.

“வெள்ளைத் துணியில கறை தேடுறதுதானே என் பொழப்பு, மெகராஜு,” என்றார் பீர் முகமது. “ஆஸ்பத்திரிக்கு வான்னா வர மாட்ட; சந்தேகம் வந்துட்டா எங்க போனாலும் பின்னாலயே வருவ. காலையில அந்த ரெண்டு பஸ்ஸையும் உனக்காகத்தான் விட்டேன்.”