நடுவில் இருந்த டிரைவர் போர்டு

யாஸ்மின் தன் குழந்தையின் தொட்டிலை ஆட்ட ஒரு குட்டி மோட்டாரைப் பொருத்தினாள். அதன் முதுகில் ஐந்து வோல்ட் என்று எழுதியிருந்ததால் கரண்டை அளந்து விடும் டிரைவர் போர்டு ஒன்றை நடுவில் வைத்து, செல்போன் சார்ஜரையே அதற்கு மாட்டினாள். மோட்டார் முனகியதே தவிர, தொட்டில் நகரவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது.

யாஸ்மின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, இருபத்து நான்கு வோல்ட் பவர் சப்ளை ஒன்றைத் தூக்கி வந்தாள். மோட்டார் அலறியது.

“அம்மாடி, இவ்வளவு பெரிய ஆளா? நான் கருகிப் போயிருவேனே!”

“நேரா உன்கிட்டயா வர்றாரு? நடுவுல நான் இருக்கேன்ல” என்றது இரண்டுக்கும் இடையில் இருந்த டிரைவர் போர்டு. “நீ தாங்குற அளவு கரண்ட் வந்ததும் கதவைச் சாத்திருவேன். குறைஞ்சா திறப்பேன்.”

“மறந்துட்டா?”

“எனக்கு வேற என்ன வேலை, மறக்குறதுக்கு?”

யாஸ்மின் சுவிட்சைப் போட்டாள். பவர் சப்ளை உறுமியது. மோட்டார் கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. தொட்டில் மெல்ல ஆடத் தொடங்கியது. அழுகை விம்மலாகி, விம்மலும் ஓய்ந்தது.

மோட்டார் கண்ணைத் திறந்து பவர் சப்ளையைப் பார்த்தது. “இவருக்குப் போயா பயந்தேன்! எவ்வளவு சாதுவா இருக்காரு!”

டிரைவர் போர்டு கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தது.

ஜன்னல் வழியே வந்த ஈ ஒன்று அதன் முதுகில் உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தது. “அய்யோ! என்ன உனக்கு இப்படிக் கொதிக்குது?”

“சத்தம் போடாதே” என்றது டிரைவர் போர்டு. “ரெண்டு குழந்தையும் இப்பத்தான் அடங்கியிருக்கு.”