அக்டோபர் மூன்றாம் வாரம்

முகுந்த் அந்த ஒரு வரியைத் திரையில் நீல நிறத்தில் தேர்ந்தெடுத்துவிட்டு மானஸாவைப் பார்த்தான்.

அமெரிக்காவில், இர்விங் நகரில், ஏரியைப் பார்த்தபடி இருக்கும் கட்டடத்தின் நான்காவது மாடி. பிரிட்டனில் இருக்கும் தொடக்கப் பள்ளிகளுக்காக அவர்கள் ஒரு ஆப் நடத்தினார்கள். வாரத்துக்கு ஒரு பக்கம். அந்த வாரத்தில் பிரிட்டிஷ் வரலாற்றில் நடந்த ஏதாவது ஒன்று. எழுதுவது மானஸா. முடிவு செய்வது முகுந்த்.

அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு அவன் கேட்டது டிரஃபால்கர் கடற்போர். கப்பல், பீரங்கி, பெரிய படம்.

அவள் எழுதிக்கொண்டு வந்தது அபர்வான். டிரஃபால்கர் நடந்த அதே இருபத்தொன்றாம் தேதிதான். ஆண்டு மட்டும் 1966.

வேல்ஸில் ஒரு சுரங்க ஊர். மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவு மழையில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. பிள்ளைகள் அப்போதுதான் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று மதியத்தோடு விடுமுறை விடுவதாக இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் திரும்பவில்லை.

முகுந்த் கெட்டவன் அல்ல. போன வாரம் அவன் மகன் ஆதர்ஷுக்குப் பள்ளியில் லாக்டவுன் டிரில், துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் பயிற்சி. வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். அதைச் சொல்லிவிட்டுத்தான் முகுந்த் திருத்தவே ஆரம்பித்தான்.

சேற்றைத் தோண்டும் ஆண்களின் படத்தை எடுத்துவிடலாம் என்றான். மானஸா சரி என்றாள்.

இறந்தவர்களின் எண்ணிக்கை தலைப்பில் வேண்டாம் என்றான். சரி என்றாள்.

பக்கத்தின் கீழ்ப்பாதியில் டிரஃபால்கரையும் போட்டுவிடலாம் என்றான். அதற்கும் சரி என்றாள்.

கடைசியாக இந்த வரி.

'உயிர் பிழைத்த பிள்ளைகள் வெகுநாள் வரை தெருவில் விளையாடவில்லை.'

"இதை டெலீட் பண்ணிடலாம், மானஸா."

"இது இருக்கட்டும், முகுந்த்."

அவள் குரலில் ஏதோ இருந்தது. அவன் நாற்காலியைத் திருப்பினான்.

"அந்த ஊர்க்காரங்களே சொன்னதுதான். இன்டர்வியூ லிங்க் கீழ போட்டிருக்கேன்" என்றாள்.

"சோர்ஸ் பிரச்சனை இல்லைங்க. படிக்கப்போறது எட்டு வயசுப் பசங்க. ஏன் விளையாடலைன்னு அவங்களுக்குப் புரியாது."

"புரியும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குப் புரிஞ்சுது. எட்டு வயசுல."

வெளியே ஏரிக்கரையில் யாரோ நாயுடன் ஓடிக்கொண்டிருந்தார்கள்.  அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்க ஸ்கூல்ல தீப்பிடிச்சுது. ஓலைக் கூரை. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். யாரோ தூக்கி வெளியில போட்டாங்க."

மூன்று வருடமாக ஒரே அறையில் வேலை செய்கிறார்கள். ஒன்றாக எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கு இது தெரியாது.

அவன் எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னான். "பசங்களை இழந்தவங்க பார்த்தா கஷ்டப்படுவாங்கன்னு வீட்டுல வெளிய விடலையா? அக்கம்பக்கத்துல நிறைய பேரு போயிட்டாங்களா?"

"அக்கம்பக்கத்துல இல்ல" என்றாள் மானஸா. "எங்க வீட்டுல. என் தங்கச்சி. ஒண்ணாங் கிளாஸ்."

முகுந்த் கையை மவுஸிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"வெளிய போகாதேன்னு யாரும் சொல்லல. நானாத்தான் நிறுத்திட்டேன்."

 அவன் மேலே கேட்கவில்லை. வரியின் மேலிருந்த நீலத்தை நீக்கிவிட்டு, பக்கத்தை அப்படியே லண்டன் அலுவலகத்துக்கு அனுப்பினான்.

அவன் கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

தீ விபத்துக்குப் பிறகும் முதல் சில நாள் அவள் தெருவில், தங்கை இல்லாமல், விளையாடத்தான் செய்தாள். ஆனால் விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும், அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்ப்பாள்.